கேபிள் பாலத்தின் படம் சரியாக வரவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

தென்பெண்ணை, கெடிலம், சுண்ணாம்பாறு என்று கடலூர், புதுச்சேரி பக்கம் ஆற்றுக்கும் பாலத்துக்கும் குறைவில்லை. ஆனால் உயரமான கோபுரத்திலிருந்து கேபிள்கள் இறங்கிச் சாலையைத் தூக்கிப் பிடிக்கும் பெரிய பாலம் இங்கே இல்லை. அதைப் படம் எடுக்க ஆசைப்படுகிற நம் ஊர்ப் பிள்ளைகள் புதுச்சேரியிலிருந்து கிளம்பும் வாராந்திர ஹவுரா ரயிலில் ஏறி, கொல்கத்தாவின் வித்யாசாகர் சேதுவைத் தேடிப் போகிறார்கள். சிலர் கோவாவில் பனாஜிக்குப் போய் மாண்டவி ஆற்றின் மேல் 2019இல் திறந்த அடல் சேதுவை எடுத்து வருகிறார்கள். திரும்பி வந்த வாரமே மெமரி கார்டோடு திருப்பாதிரிப்புலியூரில் என் ஸ்டுடியோ வாசலில் நிற்பார்கள். "அண்ணே, லென்ஸ் போயிடுச்சுண்ணே. ஒரு கேபிள்கூட ஒழுங்கா வரல."

பெரும்பாலும் லென்ஸ் போயிருக்காது. நின்ற இடம், நின்ற நேரம், கண்ணாடியின் மேல் படிந்த ஏதோ ஒன்று, இவைதான் காரணமாக இருக்கும். கல்யாணப் படத்தில் ஒரு முகம் கொஞ்சம் மங்கினால் யாரும் கவனிப்பதில்லை. கேபிள் அப்படியில்லை. வித்யாசாகர் சேதுவின் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே மட்டும் 457 மீட்டர் இடைவெளி. மொத்தம் 121 கேபிள்கள். கரையில் நின்று எடுத்தால் ஒவ்வொரு கேபிளும் படத்தில் நூல் அளவுதான் இருக்கும். அந்த நூல், வேறு படங்களில் ஒளிந்துகொள்ளும் எல்லாக் குறையையும் வெளியே காட்டிவிடும்.

அதனால் பழுது பார்க்கக் கொடுக்கும் முன், கீழே உங்கள் படத்துக்குப் பொருந்தும் அறிகுறியைத் தேடுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன்.

## எந்த அறிகுறியானாலும் முதலில்

வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கார்டில் இருக்கும் மூலப் படத்தைக் கணினியில் 100 சதவீத அளவில் திறந்து நான்கு இடங்களைப் பாருங்கள்: கோபுரத்தின் உச்சி, கேபிளின் நடுப்பகுதி, சாலை ஓரத்து விளக்குக் கம்பம், உங்கள் பக்கத்துக் கரையில் உள்ள படகு அல்லது மரம். இந்த நான்கில் எது தெளிவு, எது மங்கல் என்பதை வைத்தே பாதி விடை கிடைத்துவிடும்.

## "கேபிள் மங்கலாக இருக்கிறது"

### கரையில் உள்ள படகு தெளிவு, பாலம் மங்கல்

ஃபோகஸ் முன்னால் விழுந்திருக்கிறது. மெல்லிய கேபிளைப் பிடிக்கத் தடுமாறும் கேமரா, கிட்டத்தில் தடிமனாக எது இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். ஃபோகஸ் புள்ளியை ஒற்றைப் புள்ளியாக மாற்றி, கோபுரத்தின் விளிம்பு வானத்தைத் தொடும் இடத்தில் வையுங்கள். அங்கே இருட்டும் வெளிச்சமும் சந்திப்பதால் உடனே பிடிக்கும். முக்காலி இருந்தால் திரையில் 10 மடங்கு பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்வது இன்னும் நல்லது.

### படகு தெளிவு, ஃபோகஸும் சரி, ஆனாலும் பாலம் நெளிகிறது

எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று பாருங்கள். காலை பத்துக்கு மேல், மாலை நான்குக்குள் என்றால் கானல் காரணமாக இருக்கலாம். ஜூம் லென்ஸில் தூரத்தை இழுக்கும்போது இடையில் உள்ள சூடான காற்றையும் சேர்த்துத்தான் இழுக்கிறோம். சோதிப்பது எளிது. தொடர்ச்சியாக ஐந்து படம் எடுங்கள். ஒவ்வொன்றிலும் கேபிள் வேறு வேறு இடத்தில் நெளிந்தால் அது காற்று. இதை நம் ஊரிலேயே பார்க்கலாம்: நடு மதியம் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் நின்று தூரத்துப் படகை ஜூம் செய்யுங்கள், அதன் அடிப்பாகம் தண்ணீரில் கரைவதுபோல் ஆடும்.

இதற்கு எந்த லென்ஸும் மருந்து இல்லை. விடியற்காலையில் போக வேண்டும், அல்லது பாலத்துக்கு இன்னும் கிட்டே போக வேண்டும்.

### எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருக்கிறது

இது ஆட்டம். கையில் பிடித்து எடுத்தீர்களா? 200 மில்லிமீட்டரில் 1/250 வினாடிக்குக் கீழே போகாதீர்கள். கேபிளுக்கு என்றால் நான் 1/500 வைப்பேன். அதனால் ஐ.எஸ்.ஓ. (சென்சார் ஒளியை வாங்கும் திறன்) கூடினால் பரவாயில்லை. புள்ளி விழுந்த படத்தைக் காப்பாற்றலாம், ஆடிய படத்தைக் காப்பாற்ற முடியாது.

முக்காலியில் வைத்தும் ஆடுகிறதா? இதை வரிசையாகப் பாருங்கள். கேமராவின் தோள் வார் காற்றில் அடிக்கிறதா, கழற்றிவிடுங்கள். முக்காலியின் நடுத்தண்டு மேலே தூக்கி இருக்கிறதா, இறக்குங்கள். விரலால் பட்டனை அழுத்துகிறீர்களா, இரண்டு வினாடி டைமர் வையுங்கள். லென்ஸில் உள்ள ஆட்டம் தடுக்கும் வசதி இயங்கிக்கொண்டிருக்கிறதா, ஷட்டர் பல வினாடி திறந்திருக்கும் நீண்ட எக்ஸ்போஷருக்கு அதை அணைத்துவிடுங்கள். முக்காலியில் அசையாமல் நிற்கும்போது சில லென்ஸ்களில் அதுவே ஆட்டத்தை உண்டாக்கும்.

கடைசியாக, எதன் மேல் நிற்கிறீர்கள்? போன வருடம் ஒரு தம்பி நாற்பது படம் கொண்டுவந்தான். மாலை நேரம், ஐந்து வினாடி எக்ஸ்போஷர், நல்ல கனமான முக்காலி. விளக்கு ஒவ்வொன்றும் சின்னச் சின்னக் கொக்கிபோல் வளைந்திருந்தது. எல்லாக் கொக்கியும் ஒரே வடிவம், ஒரே பக்கம் பார்த்து. லென்ஸ் கோளாறு என்றால் ஓரத்தில் ஒரு மாதிரியும் நடுவில் ஒரு மாதிரியும் இருக்கும். "எங்கே நின்னு எடுத்தே?" என்று கேட்டேன். "படகுத் துறையிலண்ணே, இரும்புத் தளம், நல்லா ஸ்ட்ராங்கா இருந்துச்சு." இரும்புதான், ஆனால் மிதக்கும் இரும்பு. ஆற்றில் ஒரு படகு போனால் தளம் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும். நிற்கிற நமக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். மிதக்கும் துறை, பக்கத்துச் சாலைப் பாலம், பலகை நடைபாதை, இவை மூன்றிலும் நீண்ட எக்ஸ்போஷர் வேண்டாம். மண்ணில் அல்லது கல் படியில் முக்காலியை வையுங்கள்.

### நடுவில் தெளிவு, மூலைகள் மங்கல்

நான்கு மூலையும் ஒரே அளவு மங்கினால் அபர்ச்சர், அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளை, அகலமாகத் திறந்திருக்கிறது. துளையைச் சுருக்கி எஃப் 8க்குக் கொண்டுவாருங்கள். எஃப் 16, எஃப் 22 என்று ஏற்றிக்கொண்டே போனால் இன்னும் தெளிவு வரும் என்று நினைக்க வேண்டாம். அங்கே படம் முழுவதுமே சற்று மழுங்கும்.

ஒரு மூலை மட்டும் எப்போதும் மங்கினால் விஷயம் வேறு. செங்கல் சுவர் ஒன்றை நேராக எடுங்கள். அப்புறம் கேமராவைத் தலைகீழாகப் பிடித்து அதையே எடுங்கள். இரண்டாவது படத்தைக் கணினியில் திருப்பி நிமிர்த்திப் பாருங்கள். முன்பு மங்கிய இடம் தெளிந்து, எதிர் மூலை மங்கினால் லென்ஸின் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது. கீழே விழுந்த லென்ஸில் இது அடிக்கடி வரும். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொடுங்கள். இந்த இரண்டு படங்களையும் கூடவே கொடுத்தால் பேச்சு குறையும்.

## "ஒரு கேபிள் இரண்டாகத் தெரிகிறது"

முதலில், அங்கே உண்மையிலேயே இரண்டு இருக்கிறதா? வித்யாசாகர் சேதுவில் சாலையின் இரு பக்கமும் இரண்டு வரிசைக் கேபிள்கள். பக்கவாட்டில் நின்று எடுத்தால் முன் வரிசைக்குப் பின்னால் மறு வரிசை கொஞ்சம் விலகித் தெரியும். அதைக் கேமராவின் பிழை என்று நினைத்துப் பலர் வருகிறார்கள். பத்தடி இடமோ வலமோ நடந்து பாருங்கள். இரண்டு வரிசையும் பிரியும் இடமும் உண்டு, ஒன்றாக ஒட்டும் இடமும் உண்டு. பனாஜியில் இந்தச் சிக்கல் குறைவு, ஏனென்றால் அங்கே கேபிள்கள் சாலையின் நடுக்கோட்டில் இறங்குகின்றன. ஆனால் அங்கே வேறு தலைவலி: பழைய பாலங்கள் இரண்டுக்கும் இடையில் புதியது போவதால், கரையிலிருந்து எடுத்தால் பழைய பாலம் குறுக்கே வந்துவிடும்.

செல்போனில் எடுத்ததா? இரவு மோடிலும் எச்.டி.ஆரிலும் போன் பல படங்களை எடுத்து ஒட்டுகிறது. கை அசைந்தால் ஒட்டு பிசகும். அமைப்புகளைக் கையால் மாற்றும் புரோ மோடுக்கு மாறி, போனை எதன் மேலாவது சாய்த்து, மூன்று வினாடி டைமர் வைத்து எடுங்கள்.

பெரிய கேமராவில், விளக்குகளுக்குப் பக்கத்தில் மட்டும் இரட்டை தெரிந்தால் முன்னால் மாட்டியிருக்கும் யு.வி. ஃபில்டரைக் கழற்றிவிட்டு மறுபடி எடுங்கள். பெரும்பாலும் அதோடு கதை முடிந்துவிடும்.

## "கேபிள் படிக்கட்டாக உடைகிறது" அல்லது "வலைப்பின்னல் மாதிரி கோலம் விழுகிறது"

100 சதவீத அளவில் பார்க்கும்போது கேபிள் நேராக இருந்து, சின்னதாக்கினால் மட்டும் படிக்கட்டு வந்தால், அது படத்தில் இல்லை, திரையில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

100 சதவீதத்திலும் படிக்கட்டு தெரிந்தால் இரண்டு காரணம் உண்டு. ஒன்று, ஷார்ப்னஸை அளவுக்கு மேல் ஏற்றியிருப்பீர்கள். போன்களில் இது தானாகவே நடக்கிறது. டிஜிட்டல் ஜூம் போட்டால் போன் கேபிளைத் தானே கற்பனை செய்து வரையும், சில இடத்தில் விட்டும்விடும். ஜூம் போடாமல் முதன்மை லென்ஸில் எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். முடிந்தால் ரா ஃபைலாக (சென்சார் பதிந்த மூலப் பதிவாக) எடுங்கள். இரண்டு, கேபிள்கள் சென்சாரின் கட்டங்களோடு மோதும் அளவுக்கு நெருக்கமாக, மெல்லியதாக விழுந்திருக்கின்றன. வண்ண வண்ணமாகக் கோலம் விழுவது இதனால்தான். கொஞ்சம் ஜூம் மாற்றினாலும், நாலு அடி முன்னால் போனாலும் கோலம் மறையும். அதே இடத்தில் நின்று பத்துப் படம் எடுத்தால் பத்திலும் கோலம் இருக்கும்.

இதற்காக யாரிடமும் கேமராவைக் கொடுக்க வேண்டியதில்லை.

## "கோபுரம் பின்னால் சாய்கிறது, பாலம் வளைகிறது"

கோபுரம் சாய்ந்தால் கேமராவை அண்ணாந்து பிடித்திருக்கிறீர்கள். கிட்டே போய், அகன்ற லென்ஸில், சுமார் 127 மீட்டர் உயரக் கோபுரத்தை முழுசாக அடக்கப் பார்த்தால் வேறு எப்படி வரும்? பின்னால் போங்கள். கேமராவை மட்டமாகப் பிடித்து, கீழே ஆறு அதிகமாக வந்தாலும் விட்டுவிட்டு, பிறகு வெட்டுங்கள். அதற்கு இடமில்லை என்றால் ஸ்னாப்சீட், லைட்ரூம் போன்ற படம் திருத்தும் செயலியில் நிமிர்த்தலாம், ஆனால் ஓரங்கள் வெட்டுப்படும் என்பதை நினைத்து எடுக்கும்போதே சுற்றிலும் இடம் விடுங்கள்.

இதைப் பழக ஹவுரா போக வேண்டாம். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி செஞ்சியிலிருந்து வந்த கல்தூண்கள் நிற்கின்றன. ஒரு விடியற்காலை போய், அந்தத் தூண்கள் எல்லாம் நேராக நிற்கும்படி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். எவ்வளவு பின்னால் வர வேண்டும் என்பது காலுக்குப் புரிந்துவிடும்.

பாலம் வளைவது இன்னொரு விஷயம், இதில் அவசரப்படக் கூடாது. கீழே கப்பலும் படகும் போக வேண்டிய பெரிய பாலங்களில் சாலை நடுவில் சற்று மேடாக இருப்பது வழக்கம். அது எஞ்சினியர் போட்ட வளைவு. அதை லென்ஸ் பிழை என்று நினைத்துக் கணினியில் இழுத்து நேராக்கினால், கோபுரமும் கேபிளும் கோணலாகிவிடும். நான் பார்த்த படங்களில் மனசு கஷ்டப்பட்டது இதில்தான்: நன்றாக எடுத்த படத்தை வீட்டில் உட்கார்ந்து கெடுத்து வைத்திருந்தார்கள். சந்தேகம் இருந்தால் சாலைக்கோடு படத்தின் மேல்பக்கம் வரும்படி ஒன்று, கீழ்ப்பக்கம் வரும்படி ஒன்று எடுங்கள். வளைவு ஒன்றில் மேலேயும் இன்னொன்றில் கீழேயும் திரும்பினால் லென்ஸின் வேலை. லைட்ரூமில் அந்த லென்ஸின் புரொஃபைலைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் பாலமே அப்படித்தான். விட்டுவிடுங்கள்.

தரையிலிருந்து கோணம் கிடைக்கவில்லை என்று ட்ரோன் எடுத்துப் போகிறவர்கள், பறக்கவிடும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் அந்த இடம் எந்த நிற மண்டலம் என்று பார்த்தே ஆக வேண்டும். வித்யாசாகர் சேதுவின் பக்கத்திலேயே ராணுவத்தின் வில்லியம் கோட்டை (இப்போது விஜய் துர்க்) இருக்கிறது. அங்கே ட்ரோன் வேண்டவே வேண்டாம். அதேபோல் எந்தப் பாலத்தின் மேலும் வண்டியை நிறுத்தி இறங்கி எடுக்காதீர்கள்.

## "வானத்தில் கேபிள் காணாமல் போகிறது"

கேபிள் காணாமல் போகவில்லை, வானம் அதை விழுங்கிவிட்டது. சாலைக்கு ஏற்றபடி வெளிச்சம் வைத்தால் வானம் வெளுத்து, அதன் ஓரத்தில் உள்ள நூலையும் தின்றுவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சத்தைப் பாதியாக) குறைத்து எடுத்து, நிழலைப் பிறகு தூக்குங்கள்.

குறைத்தும் வரவில்லை என்றால் வெயில் எந்தப் பக்கம் என்று பாருங்கள். கொல்கத்தாவில் பலரும் நிற்பது பிரின்செப் காட் படித்துறையில். பிராமி எழுத்தைப் படித்துச் சொன்ன ஜேம்ஸ் பிரின்செப்பின் நினைவாகக் கட்டிய இடம் அது. நம் கல்வெட்டு ஆர்வலர்கள் பாலத்துக்கு முன்னால் அந்த மண்டபத்தையே சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். கிழக்குக் கரையில் உள்ள அந்தத் துறையிலிருந்து பாலம் தென்மேற்கே தெரியும். ஆகவே காலையில் வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து பாலத்தின் மேல் விழும், கேபிள் பளிச்சென்று வரும். மாலையில் வெயில் எதிரே. குளிர்கால மாலையில் பாலத்தின் பக்கமாகவே சூரியன் இறங்கும். அப்போது நிழலுருவம்தான் கிடைக்கும். இரண்டுமே அழகு. எது வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு போங்கள்.

குளிர்காலப் புகைமூட்டம் மட்டும் நம் கையில் இல்லை. மழை பெய்து விட்ட மறுநாள் காலை கிடைத்தால் விடாதீர்கள். சூரியனுக்குப் பக்கவாட்டில் நிற்கும்போது போலரைசர் ஃபில்டர் வானத்தைக் கொஞ்சம் கருக்கிக் கொடுக்கும், ஆனால் மிக அகன்ற லென்ஸில் வானம் பாதி கருப்பும் பாதி வெளுப்புமாகிவிடும். அதை வாங்குவதை எல்லாவற்றுக்கும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

## "இரவில் எடுத்தால் கோடு கோடாக வருகிறது"

படம் முழுக்க இருட்டும் வெளிச்சமுமாகப் பட்டைகள். விளக்குகளின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை துடிக்கும். எலெக்ட்ரானிக் ஷட்டரை அணைத்து மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். 1/100 அல்லது 1/50 வினாடி வையுங்கள். முக்காலி இருந்தால் பல வினாடி எக்ஸ்போஷரில் பட்டை தானே மறைந்துவிடும்.

பச்சை, சிவப்புப் புள்ளிகள் விளக்குக்கு எதிர்ப்புறம் மிதக்கின்றன. யு.வி. ஃபில்டர், மறுபடியும். கழற்றுங்கள்.

விளக்கெல்லாம் வெள்ளைக் கட்டி, கேபிள் கருப்பு. நேரம் தவறிவிட்டது. முழு இருட்டில் எடுக்காமல், சூரியன் மறைந்து இருபது முப்பது நிமிடத்துக்குள் எடுங்கள். வானம் கரு நீலமாக இருக்கும்போது கேபிள் அதன் மேல் தனியாகத் தெரியும். ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, நான்கு வினாடியில் தொடங்கி, இருட்ட இருட்டக் கூட்டிக்கொண்டே போங்கள்.

## "எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கரும்புள்ளி"

சென்சாரில் தூசி. வெறும் வானத்தை எஃப் 16இல் எடுத்தால் எத்தனை புள்ளி என்று தெரியும். மெனுவில் உள்ள சென்சார் சுத்தம் செய்யும் வசதியை இயக்குங்கள். போகவில்லை என்றால் கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர் புளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் படும். அதன் பிறகும் ஒட்டிக்கொண்டிருந்தால் ஈரச் சுத்தம் வேண்டும்; கை பழகாதவர்கள் அதை ஆள் வைத்துச் செய்துகொள்வதே நல்லது.

## "படம் முழுக்கப் பால் ஊற்றின மாதிரி"

நம் ஊர்க்காரர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் வரும், காரணம் நம் கடல்.

முதலில் பனிப்பு. ஏ.சி. பெட்டியில் ஒரு நாளுக்கு மேல் இருந்த கேமராவை ஹவுரா பிளாட்பாரத்தில் இறங்கியதும் வெளியே எடுத்தால், குளிர்ந்த கண்ணாடியின் மேல் ஈரம் படியும். துடைக்கத் துடைக்கத் திரும்ப வரும். பையை மூடி வைத்து அரை மணி நேரம் பொறுத்திருங்கள், தானே தெளியும்.

அடுத்தது உப்பு. புறப்படுவதற்கு முந்தின வாரம் சில்வர் பீச்சிலோ முதுநகர் துறைமுகத்திலோ பழகிவிட்டு, லென்ஸை அப்படியே பையில் போட்டிருப்பீர்கள். கண்ணாடியைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் மெல்லிய சாம்பல் படலம் தெரியும். உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் உப்பும் மணலும் சேர்ந்து கீறிவிடும். முதலில் புளோயர், பிறகு லென்ஸ் திரவம் ஒரு துளி விட்ட மைக்ரோஃபைபர் துணி, நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றி. சட்டை நுனி கூடவே கூடாது.

மூன்றாவது பூஞ்சை. லென்ஸைக் கழற்றி, அபர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்புறமிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் கிளை விட்ட இழைகள் தெரிந்தால் அதுதான். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கரையேறிய பிறகு கடலூரில் பல நாள் மின்சாரம் இல்லை. சுவரெல்லாம் ஈரம். என் 50 மில்லிமீட்டர் லென்ஸ் தோல் பைக்குள் பீரோவில் கிடந்தது. பொங்கல் கழிந்து எடுத்துப் பார்த்தபோது கண்ணாடியின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு சின்ன இறகு வரைந்த மாதிரி இருந்தது. வெயிலில் வைத்தால் போய்விடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு வாரம் வைத்தேன். வெயில் உள்ளே வளர்ந்ததைச் சுத்தம் செய்யாது. அந்த இரண்டு வாரத்தில் அது கண்ணாடியின் பூச்சைத் தின்றுவிட்டது. பழுது பார்ப்பவர் பூஞ்சையை எடுத்தார், அது இருந்த தடத்தை எடுக்க முடியவில்லை. இன்றைக்கும் அந்த லென்ஸில் எதிர்வெளிச்சத்தில் எடுத்தால் அந்த இறகு இருந்த பக்கம் வெளுக்கும்.

ஆகையால் டார்ச்சில் இழை தெரிந்த அன்றே லென்ஸைத் திறந்து சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நீங்களே பிரிக்காதீர்கள். உள்ளே கண்ணாடிகளை மறுபடி மையமாக உட்காரவைக்கக் கருவி வேண்டும், இல்லாவிட்டால் மேலே சொன்ன ஒரு மூலை மங்கல் வந்து சேரும். சுத்தம் செய்யக் கேட்கும் கூலி லென்ஸின் பழைய சந்தை விலையில் பாதியைத் தாண்டினால், கேமராவோடு வந்த கிட் லென்ஸாக இருந்தால் விட்டுவிடுங்கள். நல்ல லென்ஸாக இருந்தால் பூச்சு போயிருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள். அதுவரை அந்த லென்ஸை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்காமல் தனியாக வையுங்கள். மற்றவற்றுக்கு ரப்பர் வாய் உள்ள பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் போதும். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை அதைப் பார்த்து, ஜெல்லின் நிறம் மாறியிருந்தால் மாற்றுங்கள்.